வண்டிக்குக் கடன், சேமிப்பெல்லாம் பங்கில்: சரிவருமா?

கேள்வி: சூளகிரியில் சொந்த வீடு. ஓசூரில், மின்சார ஸ்கூட்டர்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. தினமும் போகவர 50 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 தருகிறது. 1,30,000 ரூபாய் மின்சார ஸ்கூட்டரை 12 சதவீத வட்டியில் முழுக் கடனாக எடுத்துக்கொண்டு, கையிலிருக்கும் 1,50,000 ரூபாயை மின்வாகனக் கம்பெனிப் பங்குகளில் போடலாமா? கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்கிறார்களே?

பதில்: வண்டியை வாங்குங்கள். பணத்தை மட்டும் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாகப் பிரியுங்கள்.

முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 4,320 ரூபாய். மிச்சமாவது எவ்வளவு? மாதம் 26 நாள் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் இப்போதைய செலவு 2,900. நெடுஞ்சாலை வேகத்தில் மின்சார வண்டி நாளுக்கு 2 யூனிட் இழுக்கும். யூனிட் 5 ரூபாய் வீதம் மாதம் 260. மிச்சம் 2,600 சொச்சம். மீதித் தவணை சம்பளத்தைக் கடிக்கும். மாறாக, 80,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டி, 50,000 ரூபாயை மட்டும் இரண்டு ஆண்டுக் கடனாக வாங்கினால் தவணை 2,350 தான். பெட்ரோல் காசே அதை அடைத்துவிடும். மீதி 70,000 அவசரத்துக்கு வங்கியில் கிடக்கட்டும்.

பழைய மின்கட்டண ரசீதுகளையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு மாத ரீடிங்கில் வண்டியால் 100 யூனிட் கூடும். இப்போதே 420, 430 என்று ஓடும் வீடானால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் முதல் 100 யூனிட் இலவசம் தொடரும். அடுத்த நூறுக்கான மலிவு விலை போய்விடும், 500-க்கு மேற்பட்டதற்கு விலையும் ஏறும். கோடைக்கால பில்லில் இது உறைக்கும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், பயப்பட வேண்டாம்.

பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் என்று சொன்னால், கிலோமீட்டர் வரம்பைக் கேளுங்கள். 80,000 என்று போட்டிருந்தால், ஆண்டுக்கு 15,600 ஓட்டும் உங்களுக்கு அது ஐந்து ஆண்டுச் சொச்சத்தில் தீர்ந்துவிடும்.

வரிச்சலுகை கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதலான கடன்களுக்கு மட்டுமே. இன்னும் அதைச் சொல்லி வண்டி விற்பவர்களின் துணிச்சல் வியப்பாக இருக்கிறது! மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியமும் 2024 அக்டோபரில் பேட்டரி கொள்ளளவில் ஒரு யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) 5,000 ரூபாய் என்று தொடங்கி, அடுத்த நிதியாண்டிலேயே 2,500 ஆனது. மானியம் இருந்தால் ஷோரூம் பில்லிலேயே கழிந்துவிடும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பங்குக்கு வருவோம். உங்கள் சம்பளமே இந்தத் தொழிலிலிருந்துதான் வருகிறது. ஸ்கூட்டர் விற்பனை படுத்தால் முதலில் ஓவர்டைம் போகும். அதே வாரம் பங்கும் சரியும். போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக், 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதே மாதம் 150-ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு வெளியீட்டு விலைக்கும் கீழே கிடந்தது. ஆலை நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காகப் பங்கு நமக்குத் தயவு காட்டாது. ஆசை விடவில்லை என்றால், கடன் முடிந்த பிறகு அந்த 2,350 ரூபாயைப் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், பல துறைகளும் கலந்த இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் வெளியே இரண்டு இடத்தில் விலை விசாரியுங்கள்.