டிஸ்னியில் இன்னும் எத்தனை டைம்ஷேர் கட்டுவார்கள்? வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் போகப் போகிறவர்கள், போய்விட்டு வந்தவர்கள், போன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். கடைசி வகையினர் நீளமாக எழுதுகிறார்கள், அதுவும் நள்ளிரவுக்கு மேல். சுருக்கித் தந்திருக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஸ்னியின் டைம்ஷேர் திட்டத்துக்குப் பெயர் டிஸ்னி வெகேஷன் கிளப். அங்கே ஏதாவது ஒரு ரிசார்ட்டின் புள்ளிகளை வாங்க வேண்டும், வருடா வருடம் கிடைக்கும் அந்தப் புள்ளிகளைச் செலவழித்து அறை பதியலாம்.

கேள்வி: அண்ணா, ஆர்லாண்டோவில் டிஸ்னி வெகேஷன் கிளப்பில் 150 புள்ளி வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகிறது. திரும்பக் கொடுக்க முடியுமா? (எடிசன், நியூஜெர்சி)

பதில்: உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், இது மற்றவர்களுக்காக. ஃப்ளோரிடாவின் டைம்ஷேர் சட்டப்படி 10 நாள் அவகாசம் உண்டு. கையெழுத்துப் போட்ட நாள், எல்லாக் காகிதங்களும் கைக்கு வந்து சேர்ந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். சனி ஞாயிறும் கணக்கில் சேரும். காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் முகவரிக்கு, எழுத்தில், அனுப்பியதற்குச் சான்றோடு அனுப்புங்கள். விற்றவருக்குப் போன் போட்டு "கொஞ்சம் யோசிக்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உலகத்தில் எந்த விற்பனையாளரும் அன்பாகப் பேசியே பதினொன்றாம் நாளைக் கொண்டுவந்துவிடுவார். அப்புறம், கணக்கை வீட்டுக்கு வந்து போட்டதற்கு அங்கேயே போட்டிருக்கலாம்.

கேள்வி: ஆண்டுக் கட்டணம் பெரிதாக ஏறாது என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நண்பரை நம்புங்கள், அவர் சொல்வதை நம்பாதீர்கள். சொத்து வரி, சம்பளம், காப்பீடு, கூரை, பெயின்ட் எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள்தான் வருகிறது. இதில் எது ஏறாமல் இருக்கும்? ஹவாயில் ஆவுலானி ரிசார்ட்டைத் திறந்த 2011இல், ஆண்டுக் கட்டணத்தை மிகக் குறைவாகக் கணக்கிட்டுவிட்டோம் என்று டிஸ்னியே விற்பனையை நிறுத்தியது. முதலில் வாங்கியவர்களின் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டிய கம்பெனிக்கே கணக்குத் தப்பியது என்றால் உங்கள் நண்பர் எம்மாத்திரம்?

கேள்வி: ஐயா, நான் 2009 முதல் டிஸ்னி வேர்ல்டின் பே லேக் டவர் ரிசார்ட்டில் உறுப்பினர், டிஸ்னியிடமே நேரடியாக வாங்கியவன். ரிவியரா, ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள், பாலினேசியனில் புது டவர் என்று டைம்ஷேர் ரிசார்ட்களாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். அறை கிடைப்பதில்லை, தீம் பார்க்கிலும் கூட்டம். இப்படி முடிவே இல்லாமல் டைம்ஷேர் கட்டுவது சரியா? (டாலஸ்)

பதில்: வெகுநாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பக்கத்துக் கோளாறு. புதுக் கட்டடம் வந்ததால் உங்கள் அறை போய்விட்டது என்பது கணக்குப்படி சரியில்லை. எந்த ரிசார்ட்டிலும் இருக்கிற அறைகளுக்கு உரிய புள்ளிகளைத்தான் விற்க முடியும். ஒரு வாரத்துக்குப் புள்ளியை ஏற்றினால் வேறொரு வாரத்துக்கு இறக்கியாக வேண்டும். புது ரிசார்ட் தன் உறுப்பினர்களோடு தன் அறைகளையும் கொண்டுதான் வருகிறது. சொந்த ரிசார்ட்டில், அதாவது எதன் புள்ளிகளை வாங்கினீர்களோ அதில், நீங்கள் 11 மாதம் முன்பே பதியலாம், மற்ற ரிசார்ட்காரர்கள் 7 மாதம் இருக்கும்போதுதான் உள்ளே வர முடியும். அந்த நான்கு மாதமும் தூங்கிவிட்டு அப்புறம் இல்லை இல்லை என்றால் யார் என்ன செய்வது?

ஆனால் கணக்கு வேறு, நடப்பு வேறு. பாலினேசியனில் 2015இல் ஏரித் தண்ணீர் மேலேயே 20 பங்களா கட்டினார்கள். ஒரு இரவுக்கு 100 புள்ளிக்கு மேல். 150 புள்ளி வைத்திருக்கும் குடும்பம் ஒரு ராத்திரி அங்கே படுத்துவிட்டுக் காலையில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பங்களாவில் தங்கத்தான் வாங்குகிறேன் என்று சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பங்களாவுக்குரிய புள்ளிகளும் சேர்ந்தே விற்பனைக்கு வந்தன, அவற்றை வாங்கியவர்கள் எல்லாரும் சிறிய ஸ்டூடியோ அறைக்கு ஓடுகிறார்கள். 2017இல் காப்பர் க்ரீக் ரிசார்ட்டிலும் இதே கதை, அங்கே ஏரிக்கரையில் கேபின்கள். மொத்தக் கணக்கு சரியாகத்தான் வரும், நீங்கள் கேட்கிற அறைக்கு மட்டும் அடிதடி.

இவர்கள் ஏன் நிறுத்துவதில்லை? ஹோட்டல் அறையை ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக விற்றாக வேண்டும். 2020இல் எல்லாவற்றையும் மூடியபோது அது எவ்வளவு ஆபத்தான வியாபாரம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. டைம்ஷேர் அப்படி இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருட வாடகை முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். பராமரிப்புச் செலவை வாங்கியவர்கள் வருடா வருடம் கட்டுவார்கள். காலம் முடிந்ததும் நிலமும் கட்டடமும் கம்பெனிக்கே திரும்பும். 1991இல் தொடங்கிய ஓல்டு கீ வெஸ்ட், பின்னால் வந்த போர்டுவாக், பீச் கிளப் எல்லாவற்றுக்கும் 2042 ஜனவரிதான் கெடு. (ஓல்டு கீ வெஸ்டில் சிலர் மட்டும் 2057 வரை நீட்டித்திருக்கிறார்கள்.) நான் முதலாளியாக இருந்தால் நானும் கட்டுவேன்.

அதனால் ஹோட்டல் அறைகளே டைம்ஷேராக மாறிக்கொண்டிருக்கின்றன. அனிமல் கிங்டம் லாட்ஜின் மேல் தளங்கள், வில்டர்னஸ் லாட்ஜின் ஒரு பக்கம், 2022இல் கிராண்ட் ஃப்ளோரிடியனில் ஒரு முழுக் கட்டடம். உங்கள் பே லேக் டவரே காண்டெம்பரரி ஹோட்டலின் பழைய தோட்டப்பக்கக் கட்டடத்தை இடித்த இடத்தில் எழுந்ததுதான், அதை நீங்கள் எழுதவில்லை. தங்க வருகிறவர்களுக்கு இவ்வளவு செய்தவர்கள், அவர்கள் பகலில் போய் நிற்கிற பார்க்கில் என்ன செய்தார்கள்? 1998இல் அனிமல் கிங்டம் திறந்ததோடு பார்க் எண்ணிக்கை நான்கில் நின்றுவிட்டது. உள்ளே புது ரைடுகள் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆர்லாண்டோவில் அதற்குப் பின் முழுதாக ஒரு பெரிய தீம் பார்க்கைத் திறந்தவர்கள் எதிர்க்கடைக்காரர்கள்: யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ், 2025 மே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்காதது 2019இல் கொண்டுவந்த மறுவிற்பனை விதி. அந்த ஆண்டு ஜனவரி 19க்குப் பிறகு பழைய ரிசார்ட்டின் புள்ளிகளை வேறொரு உறுப்பினரிடமிருந்து வாங்கினால் ரிவியராவிலோ அதற்குப் பின் வந்த புது ரிசார்ட்களிலோ அவற்றைச் செலவழிக்க முடியாது. ரிவியரா புள்ளிகளை அப்படி வாங்கினால் ரிவியராவைத் தவிர வேறு எந்த ரிசார்ட்டிலும் செல்லாது. இதன் அர்த்தம் புரிகிறதா? நீங்கள் நேரடியாக வாங்கியவர், எங்கும் போகலாம். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கப்போனால், உங்களிடம் வாங்குகிறவருக்கு உங்களுக்கு இருந்த உரிமை கிடையாது. புதிதாக ஒரு ரிசார்ட் இந்த விதியோடு திறக்கும் ஒவ்வொரு முறையும், உங்கள் கையில் இருப்பதன் மதிப்பு நீங்கள் ஒன்றும் செய்யாமலே குறைகிறது. உங்களைக் கேட்டார்களா? மாட்டார்கள். பழையதை மட்டமாக்கித்தான் புதியதை உயர்த்தி விற்க முடியும் என்றால் அந்தப் புதியது எதற்கு?

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்றும் இல்லை. 2024 டிசம்பரில் திறந்த பாலினேசியன் ஐலண்ட் டவரைத் தனி ரிசார்ட்டாக ஆக்காமல் பழைய பாலினேசியனோடே சேர்த்தார்கள். அங்கே ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் புது டவரும் சொந்த ரிசார்ட்தான், 2066 வரை. அதனால் என் பதில்: அந்த மாதிரி என்றால் கட்டட்டும். 2019 விதியை எடுக்கும்வரை ரிவியரா மாதிரி இன்னொன்று வேண்டாம். ஏரிக்கரையில் லேக்ஷோர் லாட்ஜ் 2027இல் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அது விற்பனைக்கு வரும்போது படத்தில் இருக்கும் நீச்சல் குளத்தைப் பார்க்காமல் முதலில் இந்த விதியைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: புள்ளி விலை மலிவாக இருந்ததால் வீரோ பீச் ரிசார்ட்டை மறுவிற்பனையில் வாங்கினேன். ஆண்டுக் கட்டணம் இவ்வளவு என்று பிறகுதான் தெரிந்தது. டிஸ்னி வேர்ல்டிலிருந்து வேறு தூரமாக இருக்கிறது.

பதில்: கடலோர ஊர், புயல் காப்பீடு, அதனால் ஆண்டுக் கட்டணம் டிஸ்னி ரிசார்ட்களிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. முடிவதும் 2042. மலிவாக விற்றதற்குக் காரணமே அதுதான். தூரம் பற்றி என்ன சொல்ல, வரைபடம் இலவசம்தானே!

கேள்வி: நல்ல விலைக்குப் பேசி முடித்த மறுவிற்பனையை டிஸ்னி குறுக்கே வந்து அதே விலைக்கு எடுத்துக்கொண்டது. இது நியாயமா?

பதில்: முதலில் வாங்கும் உரிமை தங்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பணம் திரும்ப வரும், இன்னொன்று பாருங்கள்.

கேள்வி: சார், மாமனார் பல வருடம் முன்பு மெக்சிகோவில் ஒரு டைம்ஷேர் வாங்கியிருந்தார். வாங்க ஆள் இருக்கிறது என்று போன் வந்தது. முதலில் வரி, பிறகு வங்கிக் கட்டணம், பிறகு அபராதம் என்று வீட்டுக்குத் தெரியாமல் பல தவணையாகப் பணம் அனுப்பிவிட்டார். இப்போது யாரும் போனை எடுப்பதில்லை. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பதில்: முதலில் அவரிடம் சொல்லுங்கள், அவர் ஏமாளி இல்லை. அவரை ஏமாற்றியது ஏதோ ஒரு சில்லறை ஆளாக இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இதே வகை மோசடிக்காக 2023 ஏப்ரலில் அமெரிக்க நிதித்துறை, மெக்சிகோவின் ஹாலிஸ்கோ போதைக் கும்பலோடு தொடர்புள்ள ஆட்கள், கம்பெனிகள் மேல் தடை விதித்தது. அங்கே கடற்கரை ஊரான புவெர்ட்டோ வயார்ட்டா பக்கம் இதைத் தொழிலாகவே நடத்துகிறார்கள். உங்கள் பெயர், ரிசார்ட், எவ்வளவு கட்டினீர்கள் என்பது வரை தெரிந்துகொண்டுதான் பேசுவார்கள். படித்தவர்களும் விழுகிறார்கள்.

இன்றைக்கே வங்கியைக் கூப்பிட்டுக் கடைசியாக அனுப்பிய தொகையையாவது நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியிலும் புகார் பதியுங்கள். மின்னஞ்சல், ரசீது, போன் எண் எதையும் அழிக்க வேண்டாம். அப்புறம் முக்கியமானது: இன்னும் சில வாரத்தில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வக்கீல் மாதிரியோ அதிகாரி மாதிரியோ ஒருவர் அழைக்கலாம். அதுவும் பெரும்பாலும் அதே கும்பல்தான். டைம்ஷேரை விற்கவோ அதிலிருந்து மீளவோ முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் போனை வையுங்கள். மாமனாரைத் திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் அவர் உங்களிடம் சொல்லாமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

கேள்வி: ஆர்லாண்டோவில் இன்டர்நேஷனல் டிரைவ் சாலைப் பக்கம் ஒரு டைம்ஷேர் கம்பெனி, விற்பனைப் பேச்சை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும், பார்க் டிக்கெட் தள்ளுபடியில் தருகிறோம் என்கிறது. நாங்கள் உறுதியானவர்கள், எதுவும் வாங்க மாட்டோம். போகலாமா?

பதில்: நானும் உறுதியானவனாகத்தான் போனேன், வேறொரு ஊரில், வேறொரு கம்பெனிக்கு. பல ஊர் ரிசார்ட்களில் மாற்றி மாற்றித் தங்கலாம் என்று சொல்லும் பரிமாற்ற உறுப்பினர் திட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தங்க எழுத்து போட்ட அந்தக் கனமான ஃபைல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் எந்த ரிசார்ட்டிலும் நான் தங்கியதில்லை. வீட்டில் சண்டை வந்தால் அது வெளியே எடுக்கப்படும். டிக்கெட்டை முழு விலைக்கு வாங்குங்கள், மலிவு.

கேள்வி: சரி, மூன்று வருடத்துக்கு ஒரு முறை போகும் குடும்பம் வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: வேண்டாம். நேரடியாக வாங்கினால் ஒரு புள்ளி 200 டாலருக்கு மேல் ஆகிறது. 150 புள்ளி என்றால் 30,000 தாண்டிவிடும். புள்ளிக்கு 8 டாலர் என்று வைத்தால்கூட ஆண்டுக் கட்டணம் 1,200 டாலர், போனாலும் போகாவிட்டாலும். புள்ளிகளை அடுத்த வருடத்துக்குச் சேர்த்து வைக்கலாம்தான், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் தள்ள முடியாது. கடன் வாங்கி வாங்கினால் வட்டி தனி. போகிற வருடத்தில் மட்டும் ஓர் உறுப்பினரின் புள்ளிகளை வாடகைக்கு எடுங்கள், அறை அதேதான். வாடகையாகக் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்ப வராது, தேதியை முடிவு செய்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். எங்கள் புள்ளிகளில் அவர்கள் மட்டும் தனியாகத் தங்கலாமா?

பதில்: தாராளமாக. முன்பதிவில் அவர்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள், நீங்கள் கூட இருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரை எழுதுங்கள், அப்பாவின் இனிஷியல் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து.