கோபத்துக்கு ஒரு விலாசம்

அன்புள்ள அண்ணன்,

எனக்கு ஊர் கருங்கல் பக்கம். அக்கா அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், வயதானவர்களைப் பராமரிக்கும் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது அவள் குரலே சரியில்லை. அவள் பார்த்துக்கொள்ளும் பாட்டிமாரில் பாதிக்கு மேல் மெடிக்கெய்டு என்ற அரசு உதவியில்தான் அங்கே இருக்கிறார்களாம். அந்தத் திட்டத்தில் கை வைத்துவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் ‘ஆட்கள் செத்துப்போவார்கள்’ என்று யாரோ கத்த, ‘நாம் எல்லாருமே ஒரு நாள் சாகத்தானே போகிறோம்’ என்று ஒரு செனட்டர் அம்மாள் பதில் சொன்ன வீடியோவை அனுப்பினாள். கோடீஸ்வரர்களுக்கு ஏழையின் நோய் எப்படிப் புரியும்? அந்த எம்.பி.க்களுக்கெல்லாம் ஆயுள் முழுக்க இலவச வைத்தியம் என்று வாட்ஸப்பில் படித்தேன்.

இங்கேயும் அதே கதைதான். அம்மாவின் ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டையைக் கொண்டு போனேன். ‘இது அட்டையில் வராது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே ஜனங்கள் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். நம் ஊரில் ஏன் ஒருவருக்கும் கோபம் வருவதில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். 2025 மே 30, பார்க்கர்ஸ்பர்க் என்ற சின்ன ஊர், பேசியவர் ஜோனி எர்ன்ஸ்ட். மறுநாள் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கல்லறைத் தோட்டம் போலிருந்த ஓர் இடத்தில் நடந்துகொண்டே இன்னொரு வீடியோ போட்டார். அதில் இருந்தது முழுக்கக் கிண்டல். செப்டம்பரில், அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நம் ஊர் துஷ்டி வீடுகளில் கேட்காத பேச்சா? வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு பெரியவர் ‘பொறந்தா ஒரு நாள் போவத்தானே வேணும்’ என்பார், அழுதுகொண்டிருப்பவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மருந்து அலமாரியின் சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கிறவர் அதையே சொன்னால் கேட்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். பார்க்கர்ஸ்பர்க்கில் கொதித்தது அதனால்தான்.

முதலில் வாட்ஸப் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஆயுள் முழுக்க இலவசம் என்பது சரியில்லை. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதன்படி அமெரிக்க எம்.பி.க்களும் 2014 முதல் அந்தச் சட்டம் உண்டாக்கிய சந்தையில்தான் காப்பீடு வாங்குகிறார்கள். பிரீமியத்தில் ஏறத்தாழ 72 சதவீதத்தை அரசு கட்டுகிறது, மிச்சம் அவர்கள் கைக்காசு. ஆண்டுக்கு 1,74,000 டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த மிச்சம் பாரமாக இருக்காது என்பது வேறு விஷயம். கோபப்படுவதென்றால் சரியான தகவலோடு கோபப்படுவோம். ஒரு தப்பான வாட்ஸப் போதும், உன் மொத்த நியாயத்தையும் எதிராளி தள்ளிவிட.

அடுத்து பணக்காரர்கள். இதில் உன்னோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பியது காமராஜரை. சொத்து என்று சொல்ல ஒன்றும் சேர்க்காத மனிதர். ஐம்பது ஆண்டு கழித்து, 2019இல், கன்னியாகுமரி என்று பெயர் மாறிய தொகுதி வசந்த் அண்ட் கோ அதிபர் வசந்தகுமாரை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. வேட்புமனுவில் அவர் காட்டிய சொத்து 417 கோடி. அதைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இங்கே யாராவது முகம் சுளித்தார்களா? ‘சேல்ஸ்மேனாத் தொடங்கி வந்த ஆளாக்கும்’ என்று டீக்கடையில் பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள். காசு இருக்கிறது, இல்லை என்பதை வைத்து நம் ஜனம் யாரையும் வெறுத்ததில்லை.

அமெரிக்காவும் அப்படித்தான். செனட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் ரிக் ஸ்காட். ஒரு காலத்தில் அவர் தலைமை வகித்த மருத்துவமனைக் கம்பெனி, அரசுக்குப் பொய்க் கணக்குக் காட்டிய வழக்குகளில் மொத்தம் 170 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அவர்மேல் வழக்கு இல்லை, அதற்கு முன்பே விலகிவிட்டார். புளோரிடா ஜனம் அவரை இரண்டு தடவை கவர்னராக்கியது, அப்புறம் செனட்டுக்கும் அனுப்பியது. ஆக, பணக்காரர் என்பதற்காகக் கோபம் வருகிறது என்று எழுதுவது எளிது, ஆனால் ஓட்டுக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அங்கே கோபம் வந்ததற்குக் காரணம் என்று நான் நினைப்பது வேறு. வெட்டு அங்கே ஒரு தேதியோடும் ஒரு பெயர்ப் பட்டியலோடும் வந்தது. 2017இல் டிரம்பின் கட்சி ஒபாமாவின் சட்டத்தைக் கழற்ற நினைத்தபோது ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு எம்.பி.க்களை மடக்கினார்கள். ஜூலை 28 அதிகாலை, அதே கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெயின் கட்டை விரலைக் கீழே காட்ட, 49க்கு 51 என்று அது தோற்றது. 2025இல் அதே கூச்சல், ஆனால் இந்தத் தடவை மெடிக்கெய்டை வெட்டும் சட்டம் செனட்டில் 50க்கு 50 என்று நின்று, துணை ஜனாதிபதி வான்ஸ் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார். ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். 2034க்குள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள் என்பது அவர்கள் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே போட்ட கணக்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் யார் கை தூக்கினார்கள் என்று உன் அக்கா விரலை மடித்து எண்ணிவிடலாம். அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறது.

இனி நம் ஊர்.

மூன்று வருஷத்துக்கு முன்பு என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர், வெளுப்புக்கு நாலு மணிக்கு ஹெட்லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பும் ஆள். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று போட்டிருக்கும் அட்டை. காலையில் கேட்ட அனுமதி மத்தியானம் வரை வரவில்லை. அப்புறம் வந்தது. ஆனால் ‘இந்த ஸ்டென்டுக்குத் தனியாகக் கட்டணும்’ என்றார்கள். நான் காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், இரண்டு பேர் வந்து பிடித்து இழுக்கிற அளவுக்கு. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவள் அழவில்லை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ‘அண்ணா, இதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது. மேலேருந்து வரணும்.’

‘மேலே யாரு?’ என்றேன்.

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மருத்துவமனைக்கு மேலே பரிசீலிக்கும் கம்பெனி, அதற்கு மேலே இன்சூரன்ஸ் கம்பெனி, அதற்கு மேலே அந்தக் கம்பெனிக்குப் பிரீமியம் கட்டும் அரசு. அரசிலும் மாநிலம் ஒரு பங்கு, மத்திய அரசு ஒரு பங்கு என்று 2018இல் இரண்டின் காப்பீட்டுத் திட்டங்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டாகிவிட்டது. இதில் எந்தப் படியில் நின்று கத்துவது? எட்டும் தூரத்தில் இருந்தவள் அந்தப் பெண்தான். நம் ஊரில் கோபம் இல்லை என்று சொல்கிறாயே தம்பி, எந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரிலாவது ஒரு மணி நேரம் நின்று பார். இருக்கிற கோபம் முழுக்க அந்தப் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்று. அமெரிக்காவில்கூட இப்போது ‘உனக்குக் கிடையாது’ என்று நேராகச் சொல்வதில்லை. புதிய சட்டப்படி மெடிக்கெய்டில் இருக்கும், உடல் தெம்புள்ள பல லட்சம் பேர் 2027இலிருந்து மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். வேலை செய்வது பெரிய பாடு இல்லை, காட்டுவதுதான் பாடு. ஆர்கன்சா மாநிலம் 2018இல் இதைச் செய்து பார்த்தது. வேலைக் கணக்கை இணையதளத்தில் ஏற்றச் சொன்னார்கள், அந்தத் தளமோ இரவு 9 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் காலை 7க்குத்தான் திறக்கும். சில மாதங்களில் 18,000க்கும் அதிகமானவர்கள் வெளியே விழுந்தார்கள். அடுத்த மார்ச்சில் ஒரு நீதிபதி நிறுத்தி வைத்தார். இ-சேவை மையத்தில் ‘சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க’ என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்த 18,000 பேரின் முகம் தெரியாதா என்ன?

உன் அக்காவின் பாட்டிமாருக்கு அந்த 80 மணி நேரம் பொருந்தாது. அவர்களுக்குப் பயம் வேறு இடத்திலிருந்து. மெடிக்கெய்டும் மெடிகேரும் 1965 ஜூலை 30 அன்று ஒரே கையெழுத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். முதியோருக்கான மெடிகேர், நர்சிங் ஹோமில் ஆண்டுக் கணக்கில் இருப்பதற்குப் பணம் தராது. சேமிப்பெல்லாம் தீர்ந்த பிறகு மெடிக்கெய்டுதான் தாங்குகிறது. அந்த நாட்டு நர்சிங் ஹோம்களில் இருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் அப்படித்தான். வாஷிங்டனிலிருந்து வரும் பணம் குறைந்தால் மாநிலங்கள் எதையாவது சுருக்கியாக வேண்டும். நாட்டுப்புறத்துச் சின்ன நர்சிங் ஹோம்கள் அதில் முதலில் ஆட்டம் காணும்.

நம் பக்கம் காகிதம் என்றால் வருமானச் சான்று. இந்த அட்டைக்கு வருமான உச்சவரம்பு முன்பு 72,000, இப்போது ஆண்டுக்கு 1,20,000. நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் வீதம் 300 நாள் வேலை செய்தால் கணக்கு அங்கே போய் முட்டிவிடும். ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் அவ்வளவுதான். ஆகவே வீட்டுக்காரரும் எழுதிக்கொடுப்பவரும் கையெழுத்திடுபவரும் சேர்ந்து ஒரு சின்னப் பொய்யைப் போட்டுக்கொள்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை, நானே கூட நின்றிருக்கிறேன். ஒரு எம்.பி.யின் மாதச் சம்பளம் 2023 ஏப்ரல் முதல் 1,24,000 ரூபாய். ஒரு வருஷத்தில் ஒரு குடும்பம் எந்தக் கோட்டைத் தாண்டினால் ‘வசதியானவர்கள்’ ஆகிவிடுமோ, அதை அவர் முதல் மாதமே தாண்டிவிடுகிறார். ஒரு எம்.பி.யிடம் எத்தனை கோடி இருக்கிறது என்பதைவிட, அவர் எந்த வரிசையில் டோக்கன் வாங்குகிறார் என்பதுதான் எனக்குக் கேள்வி.

ஆனாலும் நமக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டு எடுக்க அட்டை கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. உயிர் போகிற அவசரம் என்றால் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இல் சட்டம் போட்டார்கள், பில் மட்டும் வீட்டுக்கு வந்துவிடும். இந்த வித்தியாசத்தை அக்காவிடம் கேள், என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

உன் அம்மா விஷயம். ‘அட்டையில் வராது’ என்று வாயால் சொன்னதோடு விடாதே. என்ன காரணம், என்ன தேதி என்று எழுதி வாங்கு. இந்தத் திட்டத்தில் சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கேயும் இதே அட்டை செல்லும். உன் அம்மாவுடையது அதில் ஒன்றாக இருக்கலாம். ஆசாரிப்பள்ளத்தில் கேட்டுப் பார். அங்கும் சரிவரவில்லை என்றால் எழுதி வாங்கிய அந்தக் காகிதத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போ, ஒரு நகலை எம்.எல்.ஏ. ஆபீஸிலும் எம்.பி. ஆபீஸிலும் கொடுத்து முத்திரை வாங்கு. கவுன்டரில் இருக்கிற பெண்ணிடம் கத்தாதே. நான் அதற்கு ஒரு தடவை திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்னை ஞாபகமே இல்லை. எத்தனை பேரைத்தான் ஞாபகம் வைத்திருப்பாள்.

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார், வெட்டுக்குப் போவதை மட்டும் குறைத்துக்கொண்டார். புதிதாக வருமானச் சான்று எடுக்க வேண்டும் என்று அடுத்த வாரம் கூட வரச் சொல்லியிருக்கிறார். வரம்பைக் கூட்டியிருக்கிறார்கள், பயப்படாமல் உள்ளதை எழுதலாம் என்றேன். ‘வேண்டாம் மக்கா, அந்தப் பழைய எழுவத்திரண்டாயிரமே கிடக்கட்டு. சொல்லிச் சொல்லி அது வாயில நின்னு போச்சு’ என்கிறார்.

அன்புடன்,
அண்ணன்