மகள் அரசமைப்புச் சட்டம் படிக்கட்டுமா? மேரிலாண்டில் இருக்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் மகள் மருத்துவம் வேண்டாம் என்கிறாள். அரசமைப்புச் சட்டம் படித்துப் பேராசிரியராகி, பிறகு உங்கள் ஊர்ப் பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜேமி ராஸ்கினைப் போல அரசியலுக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். கல்விக் கடனையும் வாங்கி, ஊர் வம்பையும் விலைக்கு வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. நியாயமான கவலைதான். ஆனால் அவள் பார்ப்பது மேடையில் பேசும் ராஸ்கினை. நீங்கள் பயப்படுவதும் அதே மேடையைப் பார்த்துத்தான். அந்த மேடைக்கு முந்தைய ஆண்டுகளை இருவருமே பார்க்கவில்லை. நான் காட்ட விரும்புவது அவற்றைத்தான்.

ராஸ்கின் 1962-இல் பிறந்தவர். 1987-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பட்டம் பெற்றார். மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகத்தில் சில காலம் வேலை செய்தார். 1990-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் ஆசிரியரானார். தேர்தலில் முதன்முதலாக வென்றது 2006-இல், 43 வயதில். நடுவில் பதினாறு ஆண்டுகள். பாடம் எடுத்தார், கட்டுரை எழுதினார், விடைத்தாள் திருத்தினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மாதச் சம்பளம் வரும் ஒரு குடும்பஸ்தரின் வாழ்க்கை அது.

அதன் பிறகும் அவர் கல்லூரியை விட்டுவிடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மேரிலாண்டு சட்டமன்றம் ஆண்டுக்கு 90 நாட்கள்தான் கூடும். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். மாநில செனட்டராக இருந்த பத்தாண்டுகளும் அவர் பேராசிரியராகவும் இருந்தார். சிகாகோவில் பராக் ஒபாமா நடந்ததும் இதே பாதையில்தான். 1992 முதல் 2004 வரை சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் அரசமைப்புச் சட்டம் கற்பித்தார். அதில் கடைசி ஏழு ஆண்டுகள் இல்லினாய் மாநில செனட்டராகவும் இருந்தார். 2000-இல் நாடாளுமன்றத்துக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் படுதோல்வி அடைந்தபோதும் வகுப்பறை அவருக்காகக் காத்திருந்தது. வேலை ஒன்று கையில் இருந்தால் தேர்தல் தோல்வி குடும்பத்தைச் சாய்த்துவிடாது. உங்கள் மகள் பேராசிரியர் வேலையை அரசியலுக்கான படிக்கட்டாக மட்டும் நினைத்தால் திருத்துங்கள். அவள் வாழப்போகும் வீடு அதுதான்.

இந்தத் தொழில் ஒருவரை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 2006 மார்ச் மாதம். ஒருபால் திருமணத்தைத் தடைசெய்யும் முன்மொழிவு குறித்து மேரிலாண்டு செனட் குழு ஒன்று விசாரிக்கிறது. ராஸ்கின் அங்கே வெறும் சாட்சி, சட்டப் பேராசிரியர். ஒரு செனட்டர் பைபிளைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்கிறார். ராஸ்கினின் பதிலின் சாரம் இது: பதவியேற்றபோது நீங்கள் பைபிளின் மீது கைவைத்து அரசமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தீர்கள், அரசமைப்பின் மீது கைவைத்துப் பைபிளைக் காப்பதாக எடுக்கவில்லை. அந்தப் பதில் நாடெங்கும் பேசப்பட்டது. மேடைப் பேச்சுத் திறமை என்று அதை எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டுதோறும் புதுப்புது மாணவர்கள் இடக்கு மடக்காகக் கேட்கும் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு அது. அதே ஆண்டு செப்டம்பரில், முப்பதாண்டுகளுக்கும் மேலாகச் சட்டமன்றத்தில் இருந்த தம் கட்சிக்காரரையே எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் அவருக்கு.

பணம் இல்லாதவர்களுக்கு அரசியலில் என்ன வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். 2016-இல் அவர் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டபோது, உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்ற ஒரு மதுக்கடைத் தொழிலதிபர் சொந்தப் பணத்திலிருந்து 12 மில்லியன் டாலருக்கும் மேல் செலவழித்தார். வென்றது பேராசிரியர். இருந்தாலும் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஸ்கினின் தந்தை கென்னடியின் வெள்ளை மாளிகையில் பணிபுரிந்தவர், வாஷிங்டனில் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். அரசியல் அவர் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் அவள் பார்க்க வேண்டிய முகங்கள் வேறு இரண்டும் உண்டு. 2017 ஜனவரியில் ராஸ்கினோடு முதன்முறையாக நாடாளுமன்றத்தில் நுழைந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து 16 வயதில் படிக்க வந்த பிரமிளா ஜெயபால். இன்னொருவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி. அவரும் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். வெல்வதற்கு முன் இரண்டு உட்கட்சித் தேர்தல்களில் தோற்றவர்.

இனி உங்கள் குடும்பக் கணக்குக்கு வருகிறேன். மகள் நான்கு வயதில் வந்தவள், கிரீன் கார்டு கிடைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக ஐந்து ஆண்டுகள் நிறைந்ததும் குடியுரிமை பெறத் தகுதி வரும். 90 நாட்கள் முன்பாகவே விண்ணப்பிக்கலாம். அவளுக்குப் 18 வயது நிறைவதற்குள் உங்களில் ஒருவர் குடியுரிமை பெற்றுவிட்டால், கிரீன் கார்டோடு உங்களுடன் வாழும் அவளும் தானாகவே குடிமகள் ஆகிவிடுவாள். பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட 25 வயதும் ஏழாண்டுக் குடியுரிமையும் வேண்டும். செனட்டுக்கு 30 வயதும் ஒன்பது ஆண்டுகளும். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் பதவிகள் மட்டும்தான் வெளிநாட்டில் பிறந்து பிறகு குடியுரிமை பெற்றவர்களுக்கு மூடிய கதவு. ஆகவே அடுத்த ஆண்டு அந்த விண்ணப்பத்தை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் தேதிகளைக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

வழியிலேயே ஒரு செய்தி. ராஸ்கின் வசிக்கும் டகோமா பார்க் நகரில், குடியுரிமை இல்லாதவர்களும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் அந்த உரிமைக்காக முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். 2013 முதல் அங்கே 16 வயதினருக்கும் நகராட்சி வாக்குரிமை உண்டு. உங்கள் மகள் அந்த நகரத்தில் இருந்திருந்தால் இந்த வயதிலேயே வாக்குச் சாவடிக்குப் போயிருப்பாள். வீடு மாறச் சொல்லவில்லை. அங்கே நகராட்சிக் கூட்டம் நடக்கும் நாளில் ஒருமுறை அவளை அழைத்துப்போய் உட்காரவையுங்கள்.

படிப்புச் செலவு. நான்காண்டு இளநிலைப் பட்டம், அதன் மேல் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. முன்னணித் தனியார் சட்டப் பள்ளிகளில் பயிற்சிக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. வழக்கறிஞராவதைவிடச் சட்டப் பேராசிரியராவது பல மடங்கு கடினம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பள்ளிகளில் படித்தவர்கள்தான் அந்த இடங்களைப் பெரும்பாலும் பிடிக்கிறார்கள். ஆகவே சேமிப்பை இளநிலையில் கரைக்காதீர்கள். காலேஜ் பார்க்கில் உள்ள மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில், மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணத்தில் வரலாறோ தத்துவமோ அரசியல் அறிவியலோ படிக்கட்டும். சட்டப் பள்ளிகள் குறிப்பிட்ட பாடம் எதையும் கேட்பதில்லை. மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் எழுத்தும்தான் பேசும். பேராசிரியர் இடம் கிடைக்காமல் போனாலும் கையில் வழக்கறிஞர் பட்டம் இருக்கும். அரசு வேலையில் சேர்ந்தால் பத்தாண்டுத் தவணைக்குப் பிறகு மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் கூட்டாட்சித் திட்டமும் இருக்கிறது. விதிகளை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். அதைத்தான் அதிகம் நினைக்கிறீர்கள் என்று புரிந்தது. 2020-ஆம் ஆண்டின் கடைசி நாள் ராஸ்கின் தம் 25 வயது மகனை இழந்தார். ஜனவரி 5 அன்று அடக்கம் செய்தார். மறுநாள், தனியாக இருக்க வேண்டாமென்று மகளும் மருமகனும் அவரோடு நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்தார்கள். டொனால்ட் டிரம்பின் ஆதரவாளர்களான கலகக் கும்பல் உள்ளே புகுந்தபோது அந்த இருவரும் ஓர் அறையில் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தார்கள். அடுத்த மாதம் செனட்டில் நடந்த டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் தலைமை வாதியாக நின்று அவரே இதைச் சொன்னார். அடுத்த முறை நீ வரும்போது இப்படி இருக்காது என்று மகளிடம் சொன்னாராம்; இனி இந்தக் கட்டடத்துக்கு வரவே விருப்பமில்லை என்றாளாம் அவள். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அந்த விசாரணையில் 57 செனட்டர்கள் டிரம்ப் குற்றவாளி என்று வாக்களித்தும், தேவையான 67 கிடைக்கவில்லை. இந்தப் பாதையில் ஆபத்தே இல்லை என்று உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சின் காணொளியை நீங்கள் இருவரும் சேர்ந்து பாருங்கள். பார்த்த பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

அதற்கும் முன்பு ஒரு சோதனை. ராஸ்கின் தொடங்கிவைத்த மார்ஷல்-பிரென்னன் திட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய் அரசமைப்புச் சட்டம் கற்பிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உரிமையைப் பேச இறங்கும் எவரும் தொடும் வழக்கு டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மகள் அதை முழுவதும் படிக்கட்டும். பிறகு நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் படிக்கட்டும். அவளுக்குப் பிடிக்காத பக்கத்துக்காக, பள்ளி நிர்வாகத்துக்காக, ஒரு பக்கம் வாதம் எழுதட்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு நேர்மையாக வாதாட அவளால் முடிகிறதா, எழுதும்போது நேரம் போனது தெரியாமல் இருக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள். நேரம் கிடைத்தால் நீங்களும் அந்தத் தீர்ப்பைப் படியுங்கள், அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவளோடு விவாதிக்கலாம்.