கம்பெனி பஸ் வருவதற்குள் நான்கு முறை மலம்: குடலில் என்ன கோளாறு?

பாலக்கோட்டிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் 36 வயது வாசகர் ஒருவர் தம் வயிற்றுத் தொல்லையைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாகக் காலையில் கிளம்புவதற்குள் மூன்று, நான்கு முறை மலம் கழிக்க நேர்கிறது. அதற்கு முன் அடிவயிறு முறுக்குகிறது, போய் வந்ததும் தணிகிறது. சில வாரங்களில் நேர்மாறாக மலச்சிக்கல் வருகிறது. வயிறு உப்புகிறது, சில நேரம் மலத்தில் சளி தெரிகிறது. மருந்துக் கடையில் ‘அமீபா மாத்திரை’ பல தடவை வாங்கிச் சாப்பிட்டும் பயனில்லை. இது புற்றுநோயாக இருக்குமோ, கொலோனாஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்.

எடை குறையவில்லை, இரத்தம் போகவில்லை, தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்கப் போனதில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். நோயைக் கணிக்க இந்த மூன்று செய்திகளும் பெரிதும் உதவுகின்றன. ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வரும் வயிற்றுவலி, மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவும் மலத்தின் தன்மையையோ எண்ணிக்கையையோ மாற்றுவதாகவும் இருந்தால், அதை ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சலுறும் குடல்) என்கிறோம். இதில் குடலில் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. குடலின் அசைவும் அதன் நரம்புகளின் உணர்வும் மிகைப்பட்டிருக்கின்றன. உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் இயல்பு. இவருக்கு அந்தச் சுருக்கமே வலியாகவும் அவசரமாகவும் மாறுகிறது. பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்ற பதற்றமும் ஷிப்ட் மாறுவதால் கெடும் உறக்கமும் அதைக் கூட்டுகின்றன. தொல்லை தருவது உண்மைதான், ஆனால் இது புற்றுநோயாக மாறுவதில்லை.

அமீபா மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். அமீபா பேதியில் பெரும்பாலும் இரத்தமும் சளியும் கலந்து போகும், சில நாட்களில் உடல் தளர்ந்துவிடும். இரண்டு ஆண்டுகள் இப்படி வந்து வந்து போகாது. மலப் பரிசோதனையில் ‘சிஸ்ட்’ (அமீபாவின் உறை மூடிய வடிவம்) என்று எழுதியிருந்தாலும், தீங்கற்ற வேறோர் அமீபாவின் சிஸ்டும் நுண்ணோக்கியில் அதே போலத்தான் தெரியும். அமீபா மாத்திரையாகத் தரப்படும் மெட்ரோனிடசோலைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் குலைவதோடு, நாள்பட்டால் கை கால் நரம்புகளும் பாதிக்கப்படலாம்.

ரத்த அணுக்கள், சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்), தைராய்டு, சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளும், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்னும் மலப் பரிசோதனையும் இவருக்கு இப்போதைக்குப் போதும். இவை சரியாக இருந்தால் கொலோனாஸ்கோபிக்கு அவசரம் இல்லை. ஆனால் இரத்தம் போதல், காரணமின்றி எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவில் எழுப்பும் பேதி, ரத்தசோகை, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குக் குடல் புற்றுநோய், 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் காய்ச்சல், எடைக்குறைவு, வலப்பக்க அடிவயிற்று வலி என்றே தொடங்குகிறது. இரத்தத்தைக் கண்டதும் மூலம் என்று தாமே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடுபவர்களை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உணவில் எல்லாவற்றையும் விலக்கிப் பட்டினி கிடக்க வேண்டாம். இரண்டு வாரம் பாலையும் பால் காபியையும் நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். மொச்சை, கொள்ளு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் சில சர்க்கரைகளைச் சிறுகுடல் செரிப்பதில்லை. அவை பெருங்குடலில் புளித்து வாயுவாகின்றன. மாம்பழத்தில் ஃபிரக்டோஸ் மிகுதி என்பதால், பருவத்தில் ஒரே வேளையில் இரண்டு மூன்று பழம் சாப்பிட்டால் வயிறு உப்பக்கூடும். சில துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கேழ்வரகுக் களியை விட வேண்டியதில்லை, அளவைக் குறைத்து நிதானமாகச் சாப்பிட்டால் போதும். எதை நிறுத்தினாலும் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒவ்வவில்லை என்று நோட்டில் குறித்துவையுங்கள்.

இசப்கோல் என்னும் நார்ச்சத்து உமியை ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். அளவைச் சில வாரங்களில் மெல்லக் கூட்டலாம். கோதுமைத் தவிடு பலருக்கு உப்புசத்தை அதிகமாக்குகிறது. முறுக்கு வலிக்கு மெபெவெரினையும், வேலை நாட்களில் பேதியைக் கட்டுப்படுத்த லோபெரமைடையும் மருத்துவர் எழுதித் தருவார்; காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருந்தால் லோபெரமைடை எடுக்கக் கூடாது. இவற்றுக்கும் அடங்காவிட்டால் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் உதவும். 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து என்பதால் மனநோய்க்கான மாத்திரையோ என்று அஞ்ச வேண்டாம், இங்கே அது குடல் நரம்பின் மிகை உணர்வைத் தணிக்கவே தரப்படுகிறது. தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால், எந்திரத்தில் வேலை செய்பவர் என்றும் இரவு ஷிப்ட் எப்போது என்றும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.