நெருப்பு சாலமாண்டர் குஞ்சுகள்தான், மீனில்லை

ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் காட்டு ஓடையில் உங்கள் மகன் அள்ளி வந்த நான்கும் மீன் குஞ்சா, தலைப்பிரட்டையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. இவை நெருப்பு சாலமாண்டர் குஞ்சுகள்; சாலமாண்டர் என்பது பல்லி மாதிரி உருவமுள்ள, தவளையைப் போன்ற நீர்நில வாழ்வி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தலைக்குப் பின்னால் இருபக்கமும் இறகு மாதிரி செவுள், நான்கு கால்கள், ஒவ்வொரு கால் அடியிலும் வெளிர்மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிதான் அடையாளம். சாலமாண்டரின் நெருங்கிய உறவான நியூட்டின் குஞ்சுகளுக்கு அது இருக்காது. தவளைத் தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால்தான் முளைக்கும், செவுளும் வெளியே தெரியாது. நெருப்பு சாலமாண்டர் முட்டையிடுவதில்லை. கால் முளைத்த குஞ்சுகளையே நேராக ஓடையில் விடும்.

வளர்க்கலாமா என்றால், வேண்டாம். ஜெர்மனியில் இது பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடித்து வைத்திருப்பதே சட்டப்படி தப்பு. பையனைத் திட்டாதீர்கள், ஆனால் இன்றே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

அதுவரை ஓடைத் தண்ணீரையே அகலமான பாத்திரத்தில் ஆழமில்லாமல் ஊற்றி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறைந்து தவித்துவிடும். தனித்தனி டப்பா இருந்தால் நல்லது. பசித்தால் ஒன்றின் காலையும் செவுளையும் இன்னொன்று கடித்துவிடும். சில மணி நேரத்துக்கு இரை தேவையில்லை, மீன் தீனி போடவே போடாதீர்கள்.

எடுத்த அதே இடத்தில்தான் விட வேண்டும். சாலமாண்டர்களைக் கொல்லும் பிசால் என்ற தோல் பூஞ்சை ஜெர்மனியில் பரவி வருகிறது, வேறு ஓடையில் விட்டால் அதையும் சேர்த்துக் கொண்டுபோக வாய்ப்புண்டு. அப்புறம், பூட்ஸையும் வலையையும் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஓடைக்குப் போங்கள்.