மும்பைக் கடலின் சூட்டிலிருந்து கரண்ட் எடுக்க முடியுமா?
மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், கடலின் மேல்நீர் சூடு, அடிநீர் குளிர், இதை வைத்தே கரண்ட் எடுக்கலாமே என்று. எடுக்கலாம், ஆனால் மும்பையில் கஷ்டம். சுமார் 28 டிகிரி மேல்நீர் குழாய்க்குள் இருக்கும் அம்மோனியாவைக் கொதிக்க வைக்கும், அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும், அப்புறம் 1000 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த, 10 டிகிரிக்கும் குறைவான நீர் அதைத் திரும்பத் திரவமாக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் கணக்குப்படியே சூட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கரண்டாகத் தேறாது, அதிலும் பம்புகள் ஒரு பெரும் பங்கைத் தின்றுவிடும். சரி, மும்பைக்கு ஏன் ஆகாது? தாதர் சௌபாட்டியிலிருந்து பார்க்கிற கடலுக்கு ஆழமே கிடையாது. கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி, எண்ணெய் எடுக்கிற பாம்பே ஹையிலேயே சுமார் 75 மீட்டர்தான். லட்சத்தீவில் கரையை ஒட்டியே ஆழம்; அதனால்தான் கவரத்தியில் 2005 முதல் இதே வெப்ப வித்தியாசத்தை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நாளுக்கு 1 லட்சம் லிட்டர்.