1907 என்று பொறித்திருந்தால் 1907 இல் செய்ததா?

கேள்வி: கல்முனையில் பழைய சாமான் விற்பவர் ஒருவர், துப்பாக்கி முனையில் மாட்டும் நீளமான பயனெட் ஒன்றைத் தோல் உறையோடு காட்டினார். "1907 இல் செய்தது. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மீஸ் கப்பலில் இருந்து வந்தது. கத்திக்கும் உறைக்கும் ஒரே இலக்கம்" என்கிறார். 65,000 ரூபா கேட்கிறார். வாங்கலாமா? (மருதமுனை வாசகர்)

பதில்: கதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இரும்புக்கும் தோலுக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

முதலில் அந்த 1907. அது செய்த ஆண்டு அல்ல, பிரித்தானிய இராணுவம் அந்த மாதிரியை ஏற்றுக்கொண்ட ஆண்டு. முதலாம் உலகப் போரில் செய்தவற்றிலும் அதே 1907 தான் இருக்கும். பிடியை ஒட்டிக் கூரில்லாத பட்டையான பகுதி ஒன்று இருக்கிறது அல்லவா, அங்கே பாருங்கள். கிரீடம், ஜி.ஆர். என்ற எழுத்துகள், 1907 ஆகியவற்றோடு ஒரு சிறிய இலக்கமும் வில்கின்சன், சாண்டர்சன் போன்ற தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். அந்தச் சிறிய இலக்கம் மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும். 8, 17 என்று இருந்தால் 1917 ஓகஸ்ட். கத்தியைத் திருப்பினால் அகன்ற அம்புக்குறியும், வளைத்துச் சோதித்ததற்கான எக்ஸ் அடையாளமும் தெரிய வேண்டும். பிடியின் முனைக் குமிழில் சிறு துளை இருந்தால், அது 1916 இல் வந்த மாற்றம். ஆனால் அதற்கு முன் செய்தவற்றிலும் பின்னர் துளையிட்டார்கள், ஆகவே துளையை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. சிறிய இலக்கம் வேறு ஆண்டைச் சொல்லும்போதும் அதை "1907 இல் செய்தது" என்று விற்பவர் ஒன்றில் அறியாதவர், அல்லது நீங்கள் அறியாதவர் என்று நினைப்பவர்.

கைக்காப்பில் கொக்கி போல வளைந்த பகுதி இருக்கிறதா? 1913 இல் அதை நீக்கிவிட்டார்கள். அதனால் கொக்கி உள்ளவற்றுக்கு விலை அதிகம், பின்னர் ஒட்டவைத்த கொக்கிகளும் உலவுகின்றன. கொக்கி தொடங்கும் இடத்தில் ஒட்டு வேலையின் தடம், நிற வேறுபாடு, புதிதாக அரம் போட்ட கீறல் ஏதாவது இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஹெர்மீஸ் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள். 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், உப்பு நீரில் எண்பது ஆண்டு கிடந்த இரும்பு குழிகுழியாக அரித்துப்போயிருக்கும், தோல் உறை முழுசாக மிஞ்சாது. உயிர் தப்பியவர் கொண்டுவந்தது என்றால், இடுப்பில் பயனெட்டோடுதான் நீந்தினாரா என்றும் விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே கப்பலில் இருந்து எடுத்தது என்றால் அது மாண்டவர்களின் சமாதியில் கை வைத்த பொருள், அதையும் வாங்கக்கூடாது. (இன்னொரு வேடிக்கை: இந்தப் பிரித்தானியக் கத்தியின் வடிவமே ஜப்பானியரின் அரிசாக்கா பயனெட்டைப் பார்த்துச் செய்தது.)

"ஒரே இலக்கம்" என்பது ஜெர்மன் பயனெட்டுகளுக்குப் பொருந்தும் பேச்சு. பிரித்தானியத் தயாரிப்பில் கத்தியையும் உறையையும் இலக்கத்தால் சோடி சேர்க்கும் வழக்கம் இருக்கவில்லை. இரண்டிலும் புதுக்கருக்கோடு ஒரே இலக்கம் மின்னினால் சந்தேகம் கூட வேண்டும்.

உறையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கத்தி சுமார் 43 சென்ரிமீற்றர் நீளம். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் பலவற்றை 30 சென்ரிமீற்றராகக் குறைத்தார்கள். குறுங்கத்தியை நீள உறையில் போட்டு விற்றால் வெளியே தெரியாது, உருவி அருகருகே வைத்துப் பாருங்கள். பிறகு உறையை மூக்கருகே கொண்டுபோங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் பணம் கொடுத்தேன். வீட்டில் வந்து உருவினால் புதுச் சப்பாத்துக் கடை மணம். பழைய இரும்பு வாய்ப்பூணுக்குக் கீழே அண்மையில் தைத்த தோல், மேலே சப்பாத்துப் பொலிஷ்.

எல்லாம் சரியாக இருந்தால் பற்றுச்சீட்டில் "1917, வில்கின்சன், மூல உறை" என்பதுபோல அவர் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பொருளும் வாங்கிய பொருளும் வேறாக இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், எழுத்திலும் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள். எழுத மறுத்தால் அவருக்கே நம்பிக்கை இல்லை, உங்களுக்கு எதற்கு?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஆணி போன்ற, அலகே இல்லாத பயனெட் ஒன்று இரும்பு உறையோடு இருந்தது. துரு பிடித்திருக்கிறது. மண்தாள் போட்டுத் தேய்க்கலாமா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: வேண்டாம்! அது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய நான்காம் இலக்கத் துப்பாக்கியின் முள் பயனெட், சுமார் 20 சென்ரிமீற்றர். மண்தாள் போட்டால் முத்திரைகளும் போகும், விலையும் போகும். செந்துருவை மட்டும் தையல் மெஷின் எண்ணெயில் ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் பொறுமையாகத் துடையுங்கள். கறுத்த பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள், அது பொருளின் வயது. தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளடைவில் கெட்டுப்போகும். உங்களுடையது இரும்பு உறை என்பதால் துடைத்து உலர்த்தி உள்ளே வைக்கலாம். தோல் உறை என்றால் கத்தியை வெளியே வைக்க வேண்டும். பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும், வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் அதற்கு ஒரு மாரி காலம் போதும்.

கேள்வி: வீட்டில் வைத்திருந்தால் பிரச்சினை வருமா? (ஏறாவூர் வாசகர்)

பதில்: வாங்கும் முன்பே பொலிஸ் நிலையத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து தருவிப்பதானால் சுங்கத்திடமும் அப்படியே. நம் மாவட்டத்தில் நாற்பது வருடத்துக்கு உட்பட்ட இராணுவப் பொருள் ஒன்றை விற்க வந்தால், அது ரி-56 துப்பாக்கியின் மடக்குப் பயனெட்டாக இருந்தாலும், "சேகரிப்பு" என்ற சொல்லை மறந்துவிட்டு எழுந்து வாருங்கள்.